கொசு கால்வாயிலிருந்து வரவில்லை, லிஃப்ட் குழியிலிருந்து வந்தது

கேள்வி: விருகம்பாக்கத்தில் 32 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் நான். மூன்றாம் மாடியில் ஒரு சிறுவனுக்கு டெங்கு என்று உறுதியானது. உடனே மாநகராட்சி ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, லிஃப்ட் குழியிலும் மொட்டை மாடியில் கிடந்த பழைய பெயின்ட் டப்பாக்களிலும் கொசுப்புழு இருப்பதாக எங்களுக்கே நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். இரண்டு தெரு தள்ளி விருகம்பாக்கம் கால்வாய் நாறிக் கிடக்கிறது, அதைக் கேட்க ஆளில்லை. கொசுப்புகை அடிக்கும் வண்டி வந்தே பல மாதம் ஆகிறது. இந்த நோட்டீஸ் நியாயமா? நாங்களே ஒரு புகை இயந்திரம் வாங்கிவிடலாமா? வாரந்தோறும் வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்களை வீட்டுக்குள் விடச் சிலர் மறுக்கிறார்கள், அவர்களிடம் என்ன சொல்வது? கீழ்த்தளத்தில் பெருச்சாளித் தொல்லை வேறு. ஒரு தனியார் நிறுவனம் ஆண்டு ஒப்பந்தம் போடலாம் என்கிறது. நம்பலாமா?
— ஒரு வாசகி, சென்னை

பதில்:

அம்மா, இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது அந்தச் சிறுவன் தேறியிருப்பான் என்று நம்புகிறேன். அவனுக்கு அடுத்து அதே கட்டடத்தில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், முதல் ஐந்து நாள் அவரைப் பகலிலும் கொசுவலைக்குள் இருக்கச் சொல்லுங்கள். அந்த நாட்களில் நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் இருக்கும். டெங்குவைப் பரப்புவது ஏடிஸ் என்ற கொசு. அவரைக் கடித்த ஏடிஸ் 8 முதல் 12 நாள் கழித்து, தான் சாகிற வரைக்கும், கடிக்கிற ஆட்களுக்கெல்லாம் அதைப் பரப்பும். வலை நோயாளிக்கு மட்டுமில்லை, மிச்சமுள்ள 31 வீட்டுக்கும் சேர்த்துத்தான். காய்ச்சல் விட்ட மறுநாளே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற அவசரமும் வேண்டாம். டெங்குவில் சிக்கல் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தலைகாட்டும். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலிக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் கொடுக்கக் கூடாது. மற்றதை மருத்துவர் சொல்வார், நான் பூச்சியியல்காரன்.

நோட்டீஸ் விஷயத்துக்கு வருகிறேன். நியாயமானதுதான். கால்வாயைக் காட்டி நீங்கள் கோபப்படுவதும் நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்துக்கும் இந்த டெங்குவுக்கும் சம்பந்தமில்லை.

சென்னையில் நமக்குத் தொல்லை கொடுப்பவை முக்கியமாக மூன்று கொசுக்கள். ராத்திரி காதருகே ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கியூலெக்ஸ். கூவம், பக்கிங்ஹாம் கால்வாய், உங்கள் கால்வாய், அடைத்துக்கொண்ட மழைநீர் வடிகால், வலை கட்டாத கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக் குழாய் என்று அழுக்குத் தண்ணீர் எங்கெங்கோ அங்கெல்லாம் அது இருக்கும். ஒரு கிலோமீட்டர் பறந்தும் வரும். யானைக்கால் நோயைப் பரப்புவது அதுதான், டெங்குவைப் பரப்புவது அது இல்லை. இரண்டாவது அனோபிலிஸ் ஸ்டெஃபென்சி, நகரத்து மலேரியாக் கொசு. இதற்குக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும் போதும். சென்னை இத்தனை காலம் மலேரியாவோடு மல்லுக்கட்டியதற்கு, மூடாத கிணறும் மூடி உடைந்த தொட்டியும் பெரிய காரணம். மூன்றாவது ஏடிஸ் எஜிப்டி. கால்களில் வெள்ளை வளையம் இருக்கும். பகலில் கடிக்கும், அதுவும் காலையிலும் சாயங்காலம் வெயில் தாழ்கிற நேரத்திலும் அதிகம். தெளிந்த தண்ணீரைத் தேடித்தான் முட்டையிடும். பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் சாதாரணமாகப் போகாது. சுற்றியிருக்கிற வீடுகளிலேயே ஆளும் இருட்டு மூலையும் கிடைக்கும்போது அது எதற்குப் போக வேண்டும்?

அதனால்தான் டெங்கு வந்த வீட்டுக்கு வருகிற ஆய்வாளர் கால்வாய்ப் பக்கம் போகாமல் நேராக உங்கள் லிஃப்ட் குழியைக் குனிந்து பார்க்கிறார். மழைக்காலத்தில் சுவர் வழியாகக் கசிந்து குழியில் நிற்கும் தண்ணீர் பார்க்கக் கறுப்பாகத் தெரிந்தாலும் சாக்கடை கலந்திருக்காது. வெயில் படாது, ஆள் நடமாட்டம் இல்லை, லிஃப்ட் போகும்போதும் வரும்போதும் காற்று அடித்துக் கொசுவை ஒவ்வொரு மாடிக்கும் ஏற்றிவிடும். அந்தக் கொசுவுக்கு லிஃப்ட் ஆபரேட்டரே வைத்துக் கொடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாடிப் பையனுக்கு எப்படி வந்தது என்பதற்கு இதுவே பதிலாக இருக்கக்கூடும்.

'எங்கள் கட்டடத்துக்குள் வந்து நோட்டீஸ் கொடுக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறதா?' என்று உங்கள் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். இருக்கிறது, அதுவும் பழைய அதிகாரம். சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-ல் வந்தது. இன்றைக்கும் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் என்ற பெயரில் நடப்பில் இருக்கிறது. கொசுக் கட்டுப்பாட்டுக்கென்றே அதில் தனி அத்தியாயம் உண்டு. கொசு உற்பத்தியாகும்படி தண்ணீர் தேங்க விடாமல் பார்த்துக்கொள்வது இடத்தின் சொந்தக்காரர் அல்லது குடியிருப்பவர் பொறுப்பு. சுகாதாரப் பணியாளர் உள்ளே வந்து பார்க்கலாம். நோட்டீஸ் கொடுத்தும் செய்யவில்லையென்றால் அவர்களே செய்துவிட்டுச் செலவை உங்களிடம் வசூலிக்கவும் வழி இருக்கிறது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்று சுவிட்சர்லாந்தில் பால் முல்லர் கண்டுபிடித்ததும் அதே 1939-ல்தான். ஆக, அந்தச் சட்டத்தை எழுதியவர்களிடம் அடிப்பதற்கு அப்படியொரு மருந்தே இல்லை. முக்கியமாக நிற்கிற தண்ணீரைத்தான் அவர்கள் பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது. டி.டி.டி. வந்தது, அதற்குப் பழகிக்கொண்ட கொசுக்களும் வந்தன. எண்பது வருஷம் சுற்றிவிட்டு நாம் திரும்பவும் அந்தத் தண்ணீருக்கே வந்து நிற்கிறோம்.

புகை இயந்திரம் வாங்காதீர்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கவுன்சிலரிலிருந்து சங்கத் தலைவர் வரை எல்லோருக்கும் புகை மேல் ஒரு பக்தி. அது கண்ணுக்குத் தெரிகிறது, மணக்கிறது, வேலை நடந்த மாதிரி இருக்கிறது. வழக்கமான கலவையில் ஒரு பங்கு மருந்துக்கு 19 பங்கு டீசல். ஆக, தெருவில் நீங்கள் பார்க்கிற அந்த வெள்ளை மேகம் பெரும்பாலும் சூட்டில் ஆவியான டீசல்தான். அதில் இருக்கிற மருந்து, அந்த நிமிஷத்தில் அந்தக் காற்றில் பறந்துகொண்டிருக்கும் கொசு மேல் பட்டால் கொசு சாகும். தண்ணீரில் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது, முட்டைக்கும் ஆகாது. காற்று அசையாத விடியற்காலையிலோ அந்தி நேரத்திலோ அடித்தால்தான் புகை தாழ்ந்து நிற்கும். அந்த நேரத்தில் ஏடிஸ் எங்கே இருக்கிறது? கடிக்க வந்தாலும் ஒதுங்கி இருந்தாலும் பெரும்பாலும் வீட்டுக்குள்தான்: உங்கள் வீட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், தொங்கவிட்ட சட்டையின் மடிப்பில். புகை வண்டிச் சத்தம் கேட்டதும் நாம் முதலில் செய்வது என்ன? ஜன்னலைச் சாத்துவது! கொசு உள்ளே பத்திரமாக இருக்கும்.

புகையே வேண்டாம் என்று சொல்லவில்லை. டெங்கு உறுதியான வீட்டிலும் அதைச் சுற்றியுள்ள வீடுகளிலும் வைரஸோடு பறக்கும் பெரிய கொசுவை உடனே குறைக்க வேண்டும். அதற்கு வீட்டுக்குள்ளேயே அடிக்கும் பைரித்ரம் மருந்து உண்டு. மாநகராட்சி ஆட்கள் அதற்காக வந்தால் கதவைத் திறந்து விடுங்கள். சமையல் பாத்திரங்களையும் மீன் தொட்டியையும் மூடிவிட்டு, ஆஸ்துமாக்காரர்களையும் குழந்தைகளையும் கொஞ்ச நேரம் வெளியே அனுப்புங்கள். அதை நீங்களே ஓர் இயந்திரம் வாங்கி, வாட்ச்மேன் கையில் கொடுத்து, வாரா வாரம் கார் நிறுத்தும் தளத்தில் அடிப்பது வேறு விஷயம். எரிபொருளும் சூடான குழாயும் சேர்ந்த இயந்திரம் அது. மூடிய கீழ்த்தளத்தில் தீப்பிடிக்கிற ஆபத்து உண்டு. கொஞ்சங் கொஞ்சமாக மருந்து பட்டே பழகிய கொசுக்களையும் வளர்ப்பீர்கள். அந்தப் பணத்தை லிஃப்ட் குழிக்கு நீர்க்கசிவுத் தடுப்பு வேலை செய்யக் கொடுங்கள். அது வரைக்கும் குழியில் தேங்குவதை மோட்டார் போட்டு இறைக்க வேண்டும். இறைக்க முடியாத நாட்களுக்கு மட்டும் தண்ணீரில் கொசுப்புழு மருந்து.

நோட்டீஸில் எழுதாத இடங்களைத்தான் நீங்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 32 வீட்டில் இரண்டு மூன்றாவது பூட்டிக் கிடக்கும். வெளிநாட்டில் மகன், ஊரில் பெற்றோர் என்று சாவி யாரிடமோ இருக்கும். பூட்டிய வீட்டுக் கழிப்பறைக் கோப்பையிலும் ஃபிளஷ் தொட்டியிலும் நிற்கிற தண்ணீர் ஏடிஸுக்கு அருமையான இடம். சாவி வைத்திருப்பவரை வரவழைத்துக் கோப்பையை மூடி, தொட்டியைக் காலி செய்து, குளியலறை ஜாலியை அடைக்கச் சொல்லுங்கள். அடுத்தது ஃபிரிட்ஜுக்குப் பின்னால் அடியில் இருக்கும் தட்டு. அப்படி ஒன்று இருப்பதே பல வீடுகளில் தெரியாது. ஏ.சி. தண்ணீர் சொட்டும் வாளி, பூந்தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டு, மணிபிளான்ட் போட்ட பாட்டில், யாரும் அரைக்காத ஆட்டுக்கல், இலை அடைத்துக்கொண்ட சன்ஷேடு, மேல்மாடியில் யாரோ வீடு புதுப்பித்துவிட்டுப் போட்டுவிட்டுப் போன சாந்துச் சட்டி. மழைநீர்ச் சேகரிப்புக் குழியையும் மறக்காதீர்கள். 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் ஆனபோது அவசர அவசரமாகக் கட்டிய குழிகள் பல இடங்களில் மண் அடைத்துக்கொண்டு, தண்ணீரை உள்ளே இறக்காமல் தேக்கி வைத்துக்கொண்டிருக்கின்றன. குழியில் நான்கு நாளுக்கு மேல் தண்ணீர் நின்றால் அதைத் தூர் வார வேண்டும்.

2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் தவித்தோமே, அந்தப் பயத்தில் வாங்கிய டிரம்கள் இன்னமும் பல பால்கனிகளில் நிரப்பியபடி இருக்கின்றன. சேமிக்காதீர்கள் என்று சென்னைக்காரரிடம் சொல்லும் தைரியம் எனக்கில்லை. மூடி சரியில்லையென்றால் பழைய வேட்டித் துணியை இழுத்துக் கட்டுங்கள். ஆனால் துணி தண்ணீரில் தொங்கக் கூடாது. வாரம் ஒரு நாள் எல்லாவற்றையும் கொட்டிக் காயவைக்கச் சொல்வதற்குக் கணக்கு இருக்கிறது. முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க நம் வெயிலில் ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதற்குள் ஒரு தடவை குறுக்கே விழுந்தால் போதும். கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேங்காய் நார் போட்டுத் தேய்க்கவும் வேண்டும். ஏடிஸ் முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் தண்ணீர் ஏறியதும் பொரியும். பங்குனி சித்திரையில் காய்ந்து கிடந்த டப்பாவில் புரட்டாசியில் புழு எங்கிருந்து வந்தது என்று வியப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேல்நிலைத் தொட்டிக்குள் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். புழு தண்ணீர்ப் பரப்போடு பரப்பாகப் படுத்துக் கிடந்தால் அது மலேரியாக் கொசுவின் புழு. தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் மற்றவை. தொட்டிக்குப் போக ஏணி இருக்கிறதா? பல கட்டடங்களில் இல்லை. பணியாளர் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார், உண்மையைச் சொன்னால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. இரும்பு ஏணி ஒன்று நிரந்தரமாக வைத்துக் கொடுங்கள்.

பணியாளர்கள் தண்ணீரில் ஊற்றும் அபேட் என்ற கொசுப்புழு மருந்தைப் பற்றியும் சந்தேகம் இருக்கும். டெமிஃபோஸ் என்பது அதன் பெயர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவுக்குள் குடிநீரிலும் சேர்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே அனுமதித்திருக்கிறது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் புழு முற்றிக் கூட்டுப்புழுவாகிவிட்டால் அது எதையும் தின்னாது. தின்றால்தான் கொல்லும் பி.டி.ஐ. பாக்டீரியா மருந்து அதனிடம் பலிக்காது, அபேட்டும் அப்போது நம்பத்தக்கதில்லை. கமா போல வளைந்து உருண்டு ஓடுகிற கூட்டுப்புழு தெரிந்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டுவதுதான் ஒரே வழி. இன்னும் ஒன்றிரண்டு நாளில் பறந்துவிடும்.

பணியாளர்களை உள்ளே விட மறுப்பவர்களிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். தனியாக இருக்கும் பெண் முன்பின் தெரியாத ஆளை உள்ளே விடத் தயங்குவதில் தவறில்லை. அடையாள அட்டையைக் கேட்கச் சொல்லுங்கள். வருகிறவர்களில் பெண்களும் உண்டு. வாரத்தில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று உங்கள் பகுதித் துப்புரவு ஆய்வாளரிடம் பேசி முடிவு செய்துகொண்டு, அந்த நேரத்தில் சங்கத்திலிருந்து ஒருவர் கூடவே வீடு வீடாகப் போங்கள். மறுப்பு பாதியாகக் குறைந்துவிடும். தண்ணீர் கேட்டால் கொடுங்கள். தினக்கூலிக்கு நாள் முழுக்க மாடி ஏறி இறங்குகிறவர்கள் அவர்கள். அவர்கள் சுவரில் எழுதுவதும் நோட்டில் குறிப்பதும் வெறும் சடங்கு இல்லை. நூறு வீடு பார்த்தால் எத்தனை பாத்திரத்தில் புழு இருந்தது என்ற கணக்கு, பிரெட்டோ குறியீடு என்பார்கள், அந்த நோட்டிலிருந்துதான் வருகிறது. எந்தத் தெருவுக்கு முதலில் ஆள் அனுப்புவது என்று அதை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். உங்கள் ஆட்கள் கதவைச் சாத்தினால் அந்த வீடு 'பூட்டிய வீடு' என்று பதிவாகும். கணக்கில் தெரு சுத்தமாகத் தெரியும், ஆளும் வர மாட்டார்.

இனி பெருச்சாளி. ஆண்டு ஒப்பந்தம் போடுவதில் தப்பில்லை, ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் உரிமத்தைக் கேளுங்கள். பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968-ன்படி வணிக ரீதியாகப் பூச்சி ஒழிப்பு வேலை செய்ய உரிமம் வேண்டும், அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் பொறுப்பில் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. எண்ணைக் காட்டி உரிமம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், ஏமாறாதீர்கள். என்ன மருந்து, எந்த அளவு, எங்கே வைக்கப் போகிறார்கள் என்பதை எழுதி வாங்குங்கள். டப்பாவின் மேல் சாய்சதுரக் கட்டத்தில் நிறம் போட்டிருக்கும். சிவப்பு என்றால் கொடிய விஷம், அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும். சொந்த டப்பாவில் மாற்றி எடுத்து வருகிற ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

2024 நவம்பரில் குன்றத்தூரில் நடந்தது நினைவிருக்கும். பூச்சி ஒழிப்பு நிறுவனத்து ஆட்கள் வந்து எலி மருந்து வைத்துவிட்டுப் போன வீட்டில், ஏ.சி. போட்டு மூடிக்கொண்டு தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயுவை விடும் மருந்துகள் உண்டு. தானிய மூட்டைகளுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை அப்படிப்பட்டது. ஆள் குடியிருக்கிற கட்டடத்துக்குள் அதை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். 'சக்திவாய்ந்த மருந்து சார், ஒரே ராத்திரியில் முடிந்துவிடும்' என்றால் அவருக்கு ஒப்பந்தம் கிடையாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்டும் வேண்டாம். ஈரலை அழிக்கும் விஷம் அது, முறிவு மருந்து கிடையாது. அடுக்குமாடிகளுக்கு ஏற்றது பூட்டுப் போட்ட பெட்டிக்குள் வைக்கும் புரோமாடியலோன் கட்டி. ரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாளில் கொல்லும். தவறி யாராவது தின்றுவிட்டாலும் வைட்டமின் கே1 என்ற முறிவு இருக்கிறது. பெட்டி எங்கெங்கே இருக்கிறது என்ற வரைபடம் சங்கத்திடம் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை எத்தனை கட்டி தின்றிருக்கிறது என்று எழுதித் தர வேண்டும். அதுதான் ஒப்பந்தத்தின் உயிர். மற்றபடி மருந்து வைத்துவிட்டுப் போவதற்கு ஆண்டுக் கட்டணம் எதற்கு?

கட்டைவிரல் போகும் ஓட்டை இருந்தால் எலி உள்ளே வந்துவிடும். சாக்கடைக் குழாயைச் சுற்றியுள்ள இடுக்குகளைச் சிமென்டில் உடைந்த கண்ணாடி கலந்து பூசுவது நம் கொத்தனார்களுக்குத் தெரிந்த பழைய உத்தி. ராத்திரி பத்து மணிக்கு மேல் குப்பையைக் கீழே வைக்கும் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள், அப்புறம் மருந்து. கீழ்த்தளத்தில் மழைத்தண்ணீர் ஏறினால் வெறுங்காலோடு யாரையும் இறங்க விடாதீர்கள், கூட்டுகிற அம்மாவையும் சேர்த்துத்தான். எலிக்காய்ச்சல், அதாவது லெப்டோஸ்பைரோசிஸ், எலி சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து கால் வெடிப்பு வழியாக வருகிறது. ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி சங்கச் செலவில் வாங்கி வைக்கலாம்.

நோட்டீஸுக்குப் பதில் எழுதும்போது வாதம் செய்யாதீர்கள். பெயின்ட் டப்பாக்களை அகற்றியதற்கும் குழியை இறைத்ததற்கும் படம் எடுத்து, தேதி போட்டு, மறு ஆய்வுக்கு வரும்படி எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அதே நாளில் கால்வாயைப் பற்றித் தனியாக ஒரு புகாரை 1913 என்ற மாநகராட்சித் தொலைபேசி எண்ணில் பதிவு செய்யுங்கள். 'கொசுத் தொல்லை' என்று மட்டும் சொன்னால் புகை வண்டியை ஒரு ரவுண்டு அனுப்பிப் புகாரை முடித்துவிடுவார்கள். எந்த மின்கம்ப எண்ணிலிருந்து எந்த மின்கம்ப எண் வரை ஆகாயத்தாமரையும் குப்பையும் தண்ணீரை நிறுத்தியிருக்கிறது, எந்த இடத்தில் கழிவுநீர் மழைநீர் வடிகாலில் கலக்கிறது என்று குறிப்பிட்டு, தூர் வாரவும் கொசுப்புழு எண்ணெய் அடிக்கவும் கேளுங்கள். புகார் எண்ணை உங்கள் தெருவில் உள்ள மற்ற சங்கங்களுக்கும் கொடுத்து, அதே இடத்தைச் சொல்லி அவர்களையும் புகார் செய்யச் சொல்லுங்கள்.